கெட்டி இரத்தமும் தலைவிதியும்

திருமானூர்ப் பக்கத்திலானாலும் சரி, கொள்ளிடக்கரையில் வேறு எந்தக் கிராமத்திலானாலும் சரி, ஒருவருக்குக் கால் மரத்துப் போய்ப் புண் ஆறாமல் இருந்தால், "இரத்தம் கெட்டியாகிவிட்டது, எல்லாம் தலைவிதி" என்று சொல்லி முடித்துவிடுவது நம் மக்களின் வழக்கமாய் இருந்து வருகின்றது. பிறகு மந்திரித்த கயிறு வரும். இரத்த சுத்திச் சூரணம் வரும். கடைசியில் ஆஸ்பத்திரியில் கால் போகும்.

இரத்தம் கெட்டியாவது என்பது முழுப்பொய்யா என்றால், அல்ல. சிவப்பணுக்களின் பங்கு கூடினாலும், கல்லீரல் உண்டாக்கும் பைபிரினோஜன் என்னும் உறைபொருள் கூடினாலும் இரத்தம் கெட்டிப்படும். அதை அளக்கக் கருவியும் உண்டு. இனி, நாம் உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்ந்தால், அதைத் தசைக்குள் புகச் செய்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். தொப்பை பெருத்து உடலசைவு குறைந்தவர்களிடத்தில், இன்சுலின் சுரந்தும் தசை அதற்கு மசிவதில்லை. இதைத்தான் டாக்டர்கள் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கு இதுவே முன்வாசல்.

இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. அமெரிக்காவில் சர்க்கரை வியாதி இல்லாத 12,000 பேருக்கு மேல் பல ஆண்டுகள் கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரத்தம் மிகக் கெட்டியாய் இருந்தவர்களுக்கு, மிக இளக்கமாய் இருந்தவர்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அவ்வியாதி வரக் கண்டார்கள். குழம்பிய சேற்றுநீர் கிளை வாய்க்காலில் மெல்லத்தானே ஓடும்? அதுபோல், கெட்டி இரத்தம் நுண்குழாய்களில் மெல்ல ஓடினால், சர்க்கரையும் இன்சுலினும் தசைக்குக் குறைவாய்ப் போய்ச் சேரலாம்.

ஆனால் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று தீர்ப்புச் சொல்லலாமா? தொப்பையே இரண்டையும் உண்டாக்கலாம். இன்சுலின் எதிர்ப்பே இரத்தத்தைக் கெட்டிப்படுத்தலாம். சர்க்கரை மிகுந்து சிறுநீராய் நீர் போவதாலும் கெட்டிப்படும். பூனை குறுக்கே வந்தது, காரியம் கெட்டது, ஆகவே பூனையே காரணம் என்கிற புத்தியை வைத்தியத்திலும் நுழைக்கக் கூடாது. "இரத்தத்தை இளக்கினால் சர்க்கரை தீரும்" என்று பொட்டலம் விற்பவன் பிழைப்பது இந்தப் புத்தியை நம்பித்தான். அவன் பேச்சைக் கேட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது பைத்தியக்காரத்தனம்.

அப்படியானால் வழி என்ன? அதை நம் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், வியாதியின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய சோதனை 2006-ல் வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளில், வெறும் பொதுப் புத்திமதியோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடைக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் பழக்கப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது. தலைவிதி என்று ஒன்று இருந்திருந்தால், அது நடந்தவனைக் கண்டு மட்டும் ஏன் ஒதுங்கிற்று?

ஆகவே தோழர்களே, இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80-ம் தாண்டினால் அது எச்சரிக்கை. சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள். அதற்குக் காசு இல்லை. தினமும் நடங்கள். பெண்கள் காலையில் ரோட்டில் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்று தடுக்கும் ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று கேட்கிறோம்: நாளைக்கு அந்தப் பெண்ணின் காலை எடுக்க நேர்ந்தால், ஊரா வந்து தூக்கிக்கொண்டு போகும்?