‘மே’யும் ‘ஷாலு’ம்

ஆங்கிலத் துணைவினைகளான ‘மே’, ‘ஷால்’ என்னும் இரண்டையும் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். வேற்றுமையை உணர்வோர் சிலரே. ‘மே’ நம்முடைய ‘லாம்’ போன்றது. “அவன் வரலாம்” என்னும்போது, வர அவனுக்கு அனுமதி உண்டு என்றும் பொருள். வரக்கூடும், வராமலும் போகக்கூடும் என்றும் பொருள். வாக்கியத்தின் தலையில் நின்றால் ‘மே’ வாழ்த்தாகவும் ஆகும்: “மே காட் பிளஸ் யூ.” ‘ஷால்’ என்பதோ, மரபு இலக்கணப்படி, தன்மையிடத்தில் வெறும் எதிர்காலம் காட்டும், முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் கட்டளையாகிவிடும். பத்துக் கட்டளைகளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் நாம் காணும் ‘ஷால்ட்’ இதன் முன்னிலை வடிவமே.

இவ்வேற்றுமை இலக்கணப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு இந்தியை மத்திய அரசின் ஆட்சிமொழியாக்கியது ‘ஷால்’ என்னும் சொல்லால். 15 ஆண்டுகள் ஆங்கிலம் தொடரும் என்பதற்கும் அதே ‘ஷால்’தான். அதன் பிறகு? நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று ‘மே’ வந்தமர்ந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் எனப் பிரதமர் நேரு 1959இல் மக்களவையில் உறுதி கூறினார். ஆனால் 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில், ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று ‘மே’ போட்டே எழுதினர். இன்றைய ‘மே’ நாளை ‘மே நாட்’ ஆகாது என்பதற்கு என்ன உறுதி என்று எதிர்ப்பாளர் கேட்டனர். இவ்விடத்தில் ‘மே’ என்றால் ‘ஷால்’ என்றே பொருள் என்றார் நேரு. ஒன்றேயானால் ‘ஷால்’ என்றே எழுதிவிடலாமே!

நேரு சொன்னதும் முற்றிலும் ஆதாரமற்றதன்று. கடமையோடு இணைந்த அதிகாரமாயின் நீதிமன்றங்கள் ‘மே’யைக் கட்டாயமாகப் பொருள் கொள்வதுண்டு. ஆனால் நீதிபதியின் விளக்கத்தை நம்பி யார் காத்திருப்பர்? 1965 ஜனவரி 26 நெருங்கியதும் தமிழகத்தில் மாணவர் கிளர்ச்சி மூண்டது. தீக்குளித்தோரும் உண்டு, துப்பாக்கிச் சூட்டில் மாண்டோரும் உண்டு.

1967இல் சட்டம் திருத்தப்பட்டது. பழைய ‘மே’ தன் இடத்திலேயே இருந்தது. ஆயினும், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும், பின்னர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றும்வரை அவ்விதிகள் நீடிக்கும் என்று ஓர் உட்பிரிவு சேர்ந்தது. அந்த ‘நீடிக்கும்’ என்பதற்கு ஆங்கில மூலத்தில் உள்ள சொல் ‘ஷால்’.