அலை தரும் திறவுகோல்

டிசம்பர் முதல் மே வரை, நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர் திரண்டு ஏறுவதை நாம் காண்கிறோம். அவ்வழியோரத்து முதலுதவி நிலையங்கள் இரண்டு, நோயாளர் விவரங்களைக் கம்பியில்லாக் கருவியால் பரிமாறுவதாகக் கொள்வோம். பிறர் அறியாவண்ணம் செய்தியைப் பூட்டத் திறவுகோல் எங்கே?

அலையே தரும் என்கின்றனர் விஞ்ஞானிகள். அலையானது பாறையிலும் மரத்திலும் மனிதரிலும் பட்டுச் சிதறிப் பல வழிகளில் செல்கிறது. போகும் வழியே வரும் வழியுமாதலால், அதன் ஏற்றத்தாழ்வு இருபுறமும் ஏறக்குறைய ஒன்றே. ஏற்றத்தை 1 எனவும் தாழ்வை 0 எனவும் குறித்து, சிறு பிழைகளைத் திருத்தினால், இருவரிடமும் ஒரே திறவுகோல்! அனுப்பாத பொருளை இடையில் களவாடுவது எப்படி? அரை அலைநீளத்துக்கு அப்பால் நின்று ஒட்டுக்கேட்பவருக்குப் பெரும்பாலும் கிட்டுவது வேறோர் அளவு. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு அத்தொலைவு ஏறத்தாழ 6 சென்ரிமீற்றரே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அசைவு குன்றிய இடத்தில் அலையும் அதிகம் மாறாது, திறவுகோல் வலுவிழக்கும். யூட்டா பல்கலைக்கழகத்தார் முதலானோர் 2009இல் இதனைச் சோதித்துக் காட்டினர். எதிரி திட்டமிட்டுக் குறுக்கே நடந்து, தான் வேண்டும் ஏற்றத்தாழ்வை உண்டாக்கவும் இயலும் எனக் கண்டனர். எனவே, யாத்திரைக் காலம் முடிந்து படிகள் வெறிச்சோடும்போது இம்முறையை மட்டும் நம்புதல் தகாது. நமக்கு இடைஞ்சலாய்த் தோன்றும் நெரிசலே இரகசியத்துக்குக் காவல் அன்றோ!