பதிப்பு எண்ணையும் எழுதுவோம்

விலையில்லாமல் கிடைப்பவை எல்லாம் ஒன்றே என்ற எண்ணம் மாணவ நண்பர்களிடையே இருக்கிறது. அது சரியன்று.

பிரான்சு நாட்டு இன்ரியா நிறுவனத்தில் பிறந்த 'சைலேப்' என்னும் கணக்கீட்டு மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதன் மூல நிரலைப் பார்க்கலாம். திருத்தியதை விற்க இசைவு பெற வேண்டும். 2008-இல் 5-ஆம் பதிப்பு செசில் உரிமத்தில் வந்தது. 2017-இல் 6-ஆம் பதிப்பு ஜி.பி.எல். உரிமத்தில் வந்தது. திருத்திப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமையுடன் கொடு என்பதே ஜி.பி.எல். பூட்டோடு சாவியையும் கொடு என்றால் திண்டுக்கல்காரர்களுக்கு விளங்காதா? நாம் வரையும் வரைபடத்தையும் பெறும் விடையையும் அது கட்டுப்படுத்தாது.

பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்தில் மாணவர்களே பாடநூல் கணக்குகளுக்குச் சைலேப் நிரல்கள் எழுதித் தந்துள்ளனர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கு அவை அண்ணன் விட்டுச்சென்ற நோட்டுகள் போன்றவை. ஆனால் அவற்றுள் பல 5-ஆம் பதிப்பில் எழுதப்பட்டவை. 'ஸ்டாக்சைஸ்' என்ற கட்டளை 6-இல் நீக்கப்பட்டுவிட்டது. அது வரும் பழைய நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். மாணவனோ தன் கணக்குத்தான் தவறென்று மனம் தளர்வான்!

எப்போதும் புதியதே வேண்டும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. (விலை உயர்ந்த மேட்லேபின் திருட்டுப் பிரதியைப் பென்டிரைவில் சுமப்போரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.) துறைக்கு ஒரு பதிப்பு, ஆண்டு முழுதும் அதுவே, ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் அதன் எண்ணும் உரிமமும். வரும் பருவத்திலேயே ஆசிரியப் பெருமக்கள் இதற்கு ஆவன செய்வார்களா?