உரோமக் கூடு

நாளெல்லாம் பசறை வீதியில் லொறி ஓட்டும் வாலிபன், மாலையிலே நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமர்கின்றான் என்றால், வீட்டுப் பெரியவர்கள் உடனே 'மூலச்சூடு' என்று முடிவு கட்டிவிடுவர். நல்லெண்ணெயும் மோரும் வரும். அவனோ வெட்கத்தினால் வாய் திறவான். ஆனால் வலி ஆசனவாயில் இல்லாமல், சற்று மேலே, முதுகந்தண்டின் அடிநுனியில், பிட்டங்கள் பிரியும் பள்ளத்திலே இருக்குமாயின் அது பெரும்பாலும் மூலமன்று. உதிர்ந்த உரோமம் தோலைத் துளைத்து உட்சென்று, பொந்து அமைத்துச் சீழ் கட்டும் வேறொரு நோய். பொஸ்டன் வைத்தியர் ஹொட்ஜஸ் 1880இல் இதற்கு 'உரோமக் கூடு' எனப் பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறத்தாழ 80,000 பேரை இது ஆஸ்பத்திரியில் கிடத்தியது. குலுங்கும் வண்டியே காரணமென்று 'ஜீப் நோய்' என்றனர். நமது மலைப்பாதைகளை அறிந்தவர்க்கு இதில் வியப்பிராது! பிறவிக் குறை என்ற நம்பிக்கையும் அந்நாளில் இருந்தது. முடிதிருத்துவோரின் விரலிடுக்கிலும் வெட்டிய மயிர் புகுந்து இதே போன்ற பொந்து உண்டாவதை 1940களில் ஆங்கிலேய வைத்தியர்கள் பேட்டியும் ஸ்கார்ஃபும் எடுத்துக்காட்டிய பின்னரே அது தளர்ந்தது.

வீங்கிய வேளையில் முதலிற் கீறிச் சீழை வெளியேற்றுவதே முறை. வலி நின்றதும் நோய் தீர்ந்ததென எண்ணி வேலைக்குத் திரும்புவோர் பலர். பொந்து உள்ளேயே இருந்தால் மீண்டும் சீழ் பிடித்துக் கிளை விடும். அப்படிச் சிக்கலான பின் முழுவதையும் அகழ்ந்தெடுக்க வேண்டும். அகழ்ந்த குழியைத் தைக்காது விட்டால், மருந்து கட்டியே பல வாரங்கள் கழியும்; நாட்சம்பளத்தில் வாழும் லயத்துக் குடும்பம் அதைத் தாங்குமா? நடுக்கோட்டிலே தைத்தாலோ, வியர்வையும் இழுவையும் நிறைந்த அப்பள்ளத்தில் புண் எளிதில் ஆறாது; உரோமமும் மறுபடி புகும். ஆகவே, கிரேக்க இராணுவ வைத்தியர் கரிடாகிஸ் தையலை ஒரு பக்கமாக விலக்கிப் பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கும் முறையை 1973இல் வெளியிட்டார். ருஷ்யரான லிம்பேர்க் வகுத்த வழியிலே, சாய்சதுரமாக அகழ்ந்த குழியைப் பக்கத்துத் தோலையும் கொழுப்பையும் திருப்பி வைத்து மூடுவர். நடுக்கோட்டுத் தையலிலும் பார்க்க இவற்றில் நோய் திரும்புவது குறைவு.

வாலிபரைப் பெற்ற தாய்மாரே, மகனை அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்புங்கள், பணம் கேட்கமாட்டார்கள். அங்கே அவன் 'மூலம்' என்று சொல்லிவிடாமல், வலிக்கும் இடத்தை விரலாற் காட்டட்டும். தையல் எந்தப் பக்கம் வருமென்றும் வைத்தியரிடம் கேட்கலாம். அதிலே மரியாதைக் குறைவு எதுவுமில்லை. சுகமான பின் அவ்விடத்தை நாள்தோறும் கழுவித் துடைத்து, உதிர்ந்த முடி தங்காமற் பார்த்துக்கொள்ள வேண்டும். லொறிக்காரர் இடையிடையே இறங்கிச் சற்று நடப்பதும் நல்லது; பசறை வீதியிலே தேநீர்க் கடைகளுக்குப் பஞ்சமில்லை.