பழைய ஸ்பிரிங்கில் வண்டியை உயர்த்தாதீர்கள்

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் பாதையில் மழை பெய்தால் வண்டியின் அடி தட்டும். உயர்த்த நினைப்பது நியாயம்தான். அதற்காகப் பழைய இரும்புக் கடையில் காயில் ஸ்பிரிங் வாங்கிவந்து மாட்டச் சொல்பவர்களை என் பட்டறையிலிருந்து திருப்பி அனுப்பிவிடுகிறேன். மற்ற அளவுகள் மாறாமல் கம்பியின் தடிமன் மட்டும் 12 மில்லிமீட்டரிலிருந்து 13 ஆனாலே, விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். வண்டி உயரும்; ஆனால் மேடுபள்ளத்தில் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது, பிரேக் ஹோஸ் இழுபடும், வளைவில் கவிழும் ஆபத்து கூடும். பழைய ஸ்பிரிங்கின் துருக்குழியில் தொடங்கிய விரிசல், மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. கேஸில் சுட்டு வெட்டிய ஸ்பிரிங் இன்னும் மோசம், எஃகின் பதம் போய்விடும்.

தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த வண்டியில்தானே உங்கள் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள்?

கையில் பணம் குறைவென்றால், தளர்ந்த ஸ்பிரிங்குகளுக்குப் பதில் அதே மாடலின் புதியவற்றை ஜோடியாக மாட்டுங்கள். இறங்கிப்போன உயரம் திரும்பக் கிடைக்கும்.