471-ன்னா என்ன, அண்ணாச்சி?

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பக்கம் ஒரு மளிகைக் கடை. புரட்டாசி சனிக்கிழமை, சாயங்கால நேரம். பேரனுக்கு பிஸ்கட் வாங்க வந்த அம்மா ஒருவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் பொடி எழுத்தில் "எமல்சிபையர் 471" என்று இருந்தது.

"471-ன்னா என்ன, அண்ணாச்சி? விரதம். கொழுப்பு கிழுப்பு இருக்கப் போவுது."

"எனக்கு எங்கம்மா தெரியும்? பச்சைப் புள்ளி இருக்கு பாருங்க."

"கடுகு மாதிரி இருக்குது. பச்சையா, பழுப்பா? கண்ணுக்கே தெரியலையே!"

பக்கத்தில் நின்ற எனக்கும் 471 தெரியாது. அப்புறம்தான் விசாரித்தேன்.

இது சைவ வீட்டுக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. மீன் இல்லாமல் சோறு இறங்காத வட சென்னையிலேயே, புரட்டாசி பிறந்தால் காசிமேட்டில் வியாபாரம் படுத்துவிடும். கார்த்திகையில் மாலை போட்டவர் வீட்டில் கவுச்சி நுழையாது.

எண் ஒன்று, வழி இரண்டு

471 என்பது மாவும் எண்ணெயும் பிரியாமல் இருக்கச் சேர்ப்பது. தாவர எண்ணெயிலும் எடுக்கலாம், மிருகக் கொழுப்பிலும் எடுக்கலாம். நூடுல்ஸ், சிப்ஸில் வரும் 631 ருசிக்காகச் சேர்ப்பது. மரவள்ளி மாவைப் புளிக்க வைத்தும் செய்யலாம், மீன், இறைச்சியில் இருந்தும் எடுக்கலாம். எண் மட்டும் மாறாது!

1983-ல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த விவகாரம் நாட்டையே உலுக்கியது. கொழுப்பு இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. ஆனாலும் பச்சைப் புள்ளிக்குச் சட்டம் வந்தது 2001-ல்தான்.

பச்சைப் புள்ளி இருந்தால், உள்ளே உள்ள 471 மிருகக் கொழுப்பு அல்ல என்று கம்பெனி உறுதி சொல்வதாக அர்த்தம். அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். தப்பாக லேபிள் ஒட்டினால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் சின்ன பாக்கெட்டில் புள்ளியின் அளவு 3 மில்லி மீட்டர் இருந்தால் போதுமாம். வயசானவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்று. தேன், தேன்மெழுகு, அரக்கு மூன்றையும் சட்டம் அசைவத்தில் சேர்க்கவில்லை. மிட்டாய்க்குப் பளபளப்பு தரும் 904 அரக்குதான். அது பூச்சி தரும் பிசின். அதற்கும் பச்சைப் புள்ளிதான்!

தமிழ் எங்கே?

சேர்த்தது துளி அளவே ஆனாலும், அது செடியில் இருந்து வந்ததா, மிருகத்தில் இருந்து வந்ததா என்று பாக்கெட்டில் போட வேண்டும் என 2021 டிசம்பரில் டெல்லி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அப்படியும் வெறும் எண்ணோடு பாக்கெட்டுகள் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அதைவிடக் கொடுமை, விவரம் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழ் கட்டாயம் இல்லை. விளம்பரத்துக்கு மட்டும் தமிழ் வேண்டும், விவரத்துக்கு வேண்டாமா?

"471 (தாவர எண்ணெயில் இருந்து)" என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்? அதிகாரிகள் அதைக் கட்டாயம் ஆக்கட்டும். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் இஷ்டம். ஆனால் காசு கொடுப்பவனுக்கு, வாயில் போடுவது என்னவென்று தெரிய வேண்டும்.

அந்த அம்மா பிஸ்கட்டைத் திருப்பி வைத்துவிட்டார். கால் கிலோ பொட்டுக்கடலை வாங்கிக்கொண்டு போனார்.

பொட்டுக்கடலைக்கு நம்பர் கிடையாது!