கணினி யாருடையது?

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது. காணியானாலும் சரி, கலப்பையானாலும் சரி, உறுதி எழுதிக் கைமாறிய பின்னர் விற்றவனுக்கு அதில் எவ்வித பாத்தியதையும் இல்லை. விற்ற காணிக்குள் விற்றவனே இரவில் வேலி தாண்டி வந்து, இன்று என்ன விதைத்தாய், விளைந்ததை யாருக்கு விற்றாய், உன் வீட்டுக்கு யார் யார் வந்து போனார்கள் என்று குறித்துக்கொண்டு போவானானால், ஊர் அதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்குமா? ஆனால், எம் வீட்டு மேசைமீது இருக்கும் கணினியின் விடயத்தில், இந்தச் சாதாரண நியாயம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைகீழாக நிற்கின்றது.

கணினி என்னும் பெட்டி எம்முடையது. அதனை இயக்கும் மென்பொருளோ எமக்கு விற்கப்படுவதில்லை. அதனைப் பயன்படுத்தும் அனுமதி மாத்திரமே தரப்படுகின்றது. அந்த அனுமதிப் பத்திரத்தின் ஏதோவொரு மூலையில், கணினியில் நடப்பவற்றைக் கம்பனி அறிந்துகொள்ளலாம் என்றும், அறிந்தவற்றைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் எழுதப்பட்டிருக்கும். “சம்மதம்” என்ற பொத்தானை அமுக்கியவன் இவை அனைத்துக்கும் இணங்கிவிட்டான் என்பது கம்பனிகளின் வாதம். பக்கம் பக்கமாக நீளும் ஆங்கிலச் சட்ட மொழியை வாசித்து விளங்கிக்கொண்டுதான் எம் மக்கள் அந்தப் பொத்தானை அமுக்குகின்றார்களா? சட்டத்தரணிகளே அதனை வாசிப்பதில்லை என்று நாம் கூறினால், எமது வாசகர்களாகிய சட்டத்தரணிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகின்றோம்.

இது வெறும் ஐயம் அன்று. அவாஸ்ட் என்ற கம்பனியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது.

அவாஸ்ட், செக் நாட்டில் தோன்றிய கம்பனி. கணினிகளைத் தாக்கும் வைரஸ் கிருமிகளிலிருந்து காப்பதே அதன் தொழில். அதன் பாதுகாப்பு மென்பொருளை உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் இலவசமாகவே பெற்றுப் பயன்படுத்தினர். இணையத்தில் மனிதரைப் பின்தொடர்ந்து உளவு பார்க்கும் கருவிகளைத் தடுத்து நிறுத்துவோம் என்று அக்கம்பனி வாக்களித்தது. அந்த வாக்கை நம்பிய மக்கள், தம் கணினியின் வாசலில் அதனைக் காவற்காரனாக நிறுத்தினர். காவற்காரன் என்ன செய்தான்? வீட்டார் எந்த இணையப் பக்கத்துக்குப் போயினர், எந்த நாளில், எந்த நொடியில் போயினர், எதனைத் தேடினர் என்பவற்றை எல்லாம் பதிந்து, ஜம்ப்ஷொட் என்ற தன் துணைக் கம்பனியின் மூலம் விற்றான். 2014 முதல் 2020 வரை இந்த வியாபாரம் நடைபெற்றது. வாங்கியவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனத்தார். ஜம்ப்ஷொட்டின் களஞ்சியத்தில் சேர்ந்திருந்த விபரங்களின் அளவு 8 பெற்றாபைற்றுக்கும் அதிகம். அதாவது, 80 லட்சம் கிகாபைற். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பெயர்களை நீக்கிவிட்டுத்தானே விற்றோம் என்று கம்பனி சொல்லிற்று. பெயரை நீக்கினர்; ஆனால், ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அடையாள இலக்கத்தை இட்டு, அந்த இலக்கத்தின் கீழ் அக்கணினியின் பயணம் முழுவதையும் கோத்துக் கொடுத்தனர். ஒரு கணினியில் இருந்து இன்ன நாளில், இன்ன நொடியில், இன்ன கடையில் இன்ன பொருள் வாங்கப்பட்டது என்று அதில் இருக்குமாயின், அந்தக் கடைக்காரன் தன் பேரேட்டைப் புரட்டிய மாத்திரத்தில் வாங்கியவரின் பெயர் தெரிந்துவிடும். பெயர் தெரிந்த பின், அதே இலக்கத்தின் கீழ் உள்ள மற்றவை எல்லாம் அந்த மனிதரின் வாழ்க்கையே அன்றோ? எந்த நோய்க்கு மருந்து தேடினார், எந்தச் சமயத்தின் பக்கம் சாய்கின்றார், எந்தக் கட்சியின் செய்திகளை வாசிக்கின்றார், கையில் பணம் இருக்கின்றதா கடன் இருக்கின்றதா என்பவை யாவும் அதனுள் அடங்கும். இதனைக் கூறுவது நாம் அல்லோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2024 பெப்ரவரியில் சாட்டிய குற்றங்களில் இவை கூறப்பட்டுள்ளன.

இது வெளிப்பட்ட விதமும் கவனத்துக்குரியது. எந்த அரசாங்கமும் தானாக இதனைக் கண்டுபிடிக்கவில்லை. விளாதிமிர் பலாந்த் என்ற மென்பொருள் நிபுணர் 2019 ஒக்டோபரில் அவாஸ்டின் இணைப்பு நிரல்களைப் பிரித்து ஆராய்ந்து, தேவைக்கு மிஞ்சிய விபரங்கள் கம்பனிக்குப் போகின்றன என்று எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் மொஸில்லா அந்த இணைப்புகளைத் தன் தளத்திலிருந்து நீக்கிற்று. 2020 ஜனவரியில் மதர்போர்ட், பி.சி.மக் ஆகிய இரு ஏடுகள் விற்பனையின் முழு உருவத்தையும் வெளியிட்டன. சில நாட்களுக்குள் ஜம்ப்ஷொட் இழுத்து மூடப்பட்டது. சட்டத்தின் கை வந்து சேர மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன. 2024 இல் அமெரிக்க ஆணைக்குழு 1 கோடியே 65 லட்சம் டொலர் செலுத்துமாறு செய்தது. இனிமேல் இத்தகைய விபரங்களை விளம்பரத்துக்காக விற்கலாகாது என்றும் தடுத்தது. அதே ஆண்டில் செக் நாட்டின் அதிகார சபை 35 கோடியே 10 லட்சம் கொருணா தண்டம் விதித்தது. ஆனால், விற்ற விபரங்களைத் திரும்பப் பெறுவது எங்ஙனம்? சிந்திய பாலை அள்ள முடியுமா?

இக்கம்பனிகளின் மனப்பான்மையை அறிய விரும்புவோர் 2005 ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் சொனி பி.எம்.ஜி. என்ற இசைக் கம்பனி விற்ற இசைத்தட்டுகளைக் கணினியில் இட்டதும், பாட்டோடு ஒரு மறைவு நிரலும் உள்ளே புகுந்து ஒளிந்துகொண்டது. இசையைப் பிரதி செய்யாமல் தடுப்பதே நோக்கம் என்றனர். அந்த நிரலைக் கணினியின் சொந்தக்காரன் காணவே முடியாது. காணாதபடி அது தன்னை மறைத்துக்கொள்ளும். எந்தத் தட்டு போடப்படுகின்றது என்ற செய்தி கம்பனியின் கணினிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மறைவிடத்தைப் பயன்படுத்தி வேறு கிருமிகளும் நுழையத் தொடங்கின. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தம் சொந்தக் கணினியில் இதனைக் கண்டுபிடித்து, ஒக்டோபர் 31 ஆந் திகதி அம்பலப்படுத்தினார். அப்போது கம்பனியின் உயர் அதிகாரி ஒருவர் அளித்த மறுமொழி என்ன தெரியுமா? இத்தகைய நிரல் என்னவென்றே பெரும்பாலானோர் அறியார். அறியாதவர் அதனைப்பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். பின்னர் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, வழக்குகள் வந்தன, 2007 இல் சேதமுற்ற கணினிக்கு 150 டொலர் வரை கொடுக்கவும் கம்பனி இணங்கிற்று. இருந்தும், அந்த அதிகாரியின் மறுமொழியையே நாம் பெரிதாகக் கருதுகின்றோம். குடிமகனின் அறியாமையைத் தன் உரிமையாகக் கொள்ளும் அதிகாரத்தின் குரல் அது. அந்தக் குரல் எமக்குப் புதியதன்று.

எமது நாட்டின் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை மைக்ரோசொப்டின் விண்டோஸ் மூலம் இயங்குகின்றன. ஆகையால், அதனைப்பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10, பயன்படுத்துவோரின் கணினியிலிருந்து பலவகைச் செய்திகளைத் தன் தலைமையகத்துக்கு அனுப்பிற்று. வீட்டுப் பாவனைக்கென விற்ற பதிப்பில் இதனைக் குறைக்கலாமே தவிர முற்றாக நிறுத்த வழி வைக்கப்படவில்லை. எந்தச் செயலி எவ்வளவு நேரம் பாவிக்கப்பட்டது என்பதையும் அது சேகரிக்கின்றது, இது தேவைக்கு மிஞ்சியது என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2016 ஜூலையில் அறிவித்தல் கொடுத்தது. கம்பனி சேகரிப்பின் அளவைக் குறைத்தது. 2017 இல் அந்த அறிவித்தல் முடித்துவைக்கப்பட்டது. சட்டமும் அதனைச் செலுத்தும் துணிவுள்ள அதிகாரிகளும் இருந்தால், உலகின் மாபெரும் கம்பனியும் வளைந்து கொடுக்கும் என்பதற்கு இதுவே சான்று.

2024 மே மாதத்தில் அதே கம்பனி ரீகோல் என்ற புதிய வசதியை அறிவித்தது. புதியவகைக் கணினிகளில், திரையில் தோன்றுவதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படம் பிடித்து வைத்து, பின்னர் மறந்துபோனதைத் தேடித் தருவதே அதன் பணி. அப்படங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும், தம்மிடம் வராது என்று கம்பனி கூறியது. அதனை நாம் நியாயமாகவே குறிப்பிட வேண்டும். ஆனால், கணினிக்குள் நுழையும் எவனும் அந்தக் களஞ்சியத்தை எளிதில் வாசிக்கலாம் என்பதை நிபுணர்கள் அம்பலப்படுத்தினர். எதிர்ப்பு எழுந்தது. கேளாமலே இயங்கும் என்றிருந்ததை, விரும்பிக் கேட்டால் மாத்திரமே இயங்கும் என்று கம்பனி மாற்றியது. வெளியீட்டையும் ஒத்திவைத்து, காவலைப் பலப்படுத்திய பின்னரே 2025 இல் வெளியிட்டது. முதலிலேயே கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கேட்டால் பலர் மறுத்துவிடுவர் என்பதுதானே கேளாதிருந்ததன் காரணம்?

கம்பனிகளின் பக்கத்தில் ஒரு நியாயமும் இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. நோயைக் கேட்டறியாமல் வைத்தியர் மருந்து கொடுக்க முடியாது. மென்பொருள் எங்கே பழுதாகின்றது என்ற செய்தி அதனைச் செய்தவனுக்குப் போகாவிட்டால் திருத்தமும் வராது. போகும் பக்கம் கிருமியுள்ள பக்கமா என்று பார்க்கப் பாதுகாப்பு மென்பொருள் அதன் முகவரியை அறியத்தான் வேண்டும். ஆனால், வைத்தியர் நோயாளியின் குறிப்பேட்டைச் சந்தையில் கூவி விற்பதில்லை. அறிவது ஒரு வேலைக்காக. அந்த வேலை முடிந்ததும் அதனை வைத்திருக்கவும் விற்கவும் எவர் அதிகாரம் கொடுத்தார்?

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் ஏன் என்று கேட்போரும் எம்மிடையே உளர். மடியில் கனமில்லாத மனிதர் எங்கே இருக்கின்றார்? சட்டத்தரணியின் கணினியில் கட்சிக்காரரின் வழக்கு இருக்கின்றது. வைத்தியரின் கணினியில் நோயாளியின் இரகசியம் இருக்கின்றது. கமக்காரர் வீட்டில், மகள் படிக்கவென்று வாங்கிய கணினியிலேயே வங்கிக் கடனும், காணி வழக்கும், வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசும் பேச்சும், கலியாணப் பேச்சும் நடக்கின்றன. இவற்றுள் எதுவும் குற்றமன்று. ஆயினும் எதுவும் ஊரறியச் சொல்லத்தக்கதுமன்று. நாலு சுவருக்குள் பேசுவது நாலு சுவருக்குள்ளேயே இருக்க வேண்டுமென்பது குற்றவாளியின் கோரிக்கை அன்று, மானமுள்ளவனின் கோரிக்கை.

இனி எமது நாட்டின் நிலை என்ன? தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாகப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இலங்கையிலுள்ளோரின் நடத்தையைக் கண்காணிக்கும் வெளிநாட்டுக் கம்பனிகளையும் அது கட்டுப்படுத்தும் என்று எழுதப்பட்டிருக்கின்றது. எழுத்தில் குறையில்லை. ஆனால், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே சட்டத்தைத் திருத்தும் சட்டமூலமும் வந்தது. இத்தீவில் சட்டங்கள் ஏட்டில் ஏறுவதும் வீட்டுக்கு வராமல் நிற்பதும் புதுமையல்ல.

தண்டத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மீறலுக்கு விதித்த உச்சத் தண்டம் 1 கோடி ரூபா. அமெரிக்க நாணயத்தில் 30,000 டொலருக்குச் சற்று மேல். யாழ்ப்பாணத்திலுள்ள சிறு வியாபாரியை இது மண்ணோடு மண்ணாக்கிவிடும். அவாஸ்ட் போன்ற கம்பனிக்கோ ஒரு காலைப்பொழுதின் சில்லறைச் செலவு. ஐரோப்பிய நாடுகள் 2018 முதல் கம்பனியின் உலக வருமானத்தில் 4 வீதம் வரை தண்டமாக அறவிடும் அதிகாரத்தைத் தம் சட்டத்தில் வைத்திருக்கின்றன. அந்த வழியை இங்கே பின்பற்றத் தடை என்ன?

வீட்டுக் கணினியிலிருந்து விபரம் எடுக்க வேண்டுமாயின், நீண்ட பத்திரத்துள் புதைத்து அன்று, தனியாக, தமிழிலும் சிங்களத்திலும், விளங்கும் மொழியில் கேட்க வேண்டும். மறுத்தாலும் மென்பொருள் இயங்க வேண்டும். எடுத்தது என்ன என்று கேட்டால் காட்டவும், அழி என்றால் அழிக்கவும் வேண்டும். சம்மதித்தார் என்பதை நிரூபிக்கும் பாரம் கம்பனியின் தலையில் இருக்க வேண்டும். தமிழ் மக்களின் வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்போர், இந்தச் சட்டம் பற்றிய அடுத்த விவாதத்தில் இவற்றைத் திருத்தங்களாகவே முன்வைக்க வேண்டும். அதற்கு முன்னர், அந்தப் பத்திரத்தைத் தாம் எப்போதாவது வாசித்ததுண்டா என்பதையும் அவர்கள் தம் கணினியைத் திறந்து பார்ப்பது நல்லது.